ஊசி படாத கட்டி

டி-வெக் மருந்துக் குப்பி மைனஸ் 70 டிகிரிக்கும் கீழே உறைந்து கிடக்கும். இளக வைக்கச் சூடு காட்டக் கூடாது, குலுக்கவும் கூடாது. அறை வெப்பத்திலேயே அரை மணி நேரமாவது காத்திருப்பேன். உள்ளே இருப்பது உயிருள்ள ஹெர்பீஸ் வைரஸ். உதட்டோரம் கொப்புளம் கிளப்பும் அதே வகை. நரம்புச் செல்லைத் தாக்கத் துணைபோகும் மரபணுவை நீக்கியிருக்கிறார்கள். நோய் எதிர்ப்புச் செல்களின் கண்ணில் படாமல் ஒளிய உதவும் மரபணுவும் இல்லை. பதிலுக்கு, அந்தச் செல்களைக் கூவி அழைக்கும் ஜிஎம்-சிஎஸ்எஃப் புரதத்தின் மரபணுவைச் சேர்த்திருக்கிறார்கள். மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் 2015-இலும், நான் வேலை பார்க்கும் இங்கிலாந்தில் 2016-இலும் இந்த மருந்துக்கு வழி திறந்தது.

முதல் தவணையில் மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் வைரஸ். மூன்று வாரம் கழித்துப் பத்துக் கோடி. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை.

கைவேலை இருப்பது ஊசியில்தான். ஒரே துளை வழியாக நுழைத்து, முழுக்க வெளியே எடுக்காமல் பின்னிழுத்து, பனையோலை விசிறி விரிவதுபோலத் திசை மாற்றி மாற்றிச் செலுத்த வேண்டும். இறுகிய கட்டி எதிர்த்துத் தள்ளும். பெருவிரல் அதை உணரும். அங்கே அழுத்தினால் மருந்து துளை வழியே கசிந்து வீணாகிவிடும். ஊசியை எடுப்பதும் மெதுவாகத்தான்.

ஆனால் ஊசி போட்ட கட்டி சுருங்குவதை மட்டும் பார்த்து நான் திருப்திப்படுவதில்லை. வைரஸ் பெருகிப் புற்றுச் செல் வெடிக்கும்போது அதன் அடையாளங்கள் வெளியே கொட்டுகின்றன. அவற்றை எடுத்துக்கொண்டு எதிர்ப்புச் செல்கள் நிணநீர் முடிச்சுக்குப் போகின்றன. அங்கே தயாராகும் டி செல்கள் உடம்பெங்கும் தேடிப் புறப்படுகின்றன. 436 பேர் பங்கேற்ற ஆப்டிம் ஆய்வில், ஊசி போட்ட கட்டிகளில் 64 சதவீதம் பாதிக்கு மேல் சுருங்கின. ஊசியே படாத தோல், நிணநீர்க் கட்டிகளிலும் 34 சதவீதம் அப்படிச் சுருங்கின! அதனால்தான் புதிதாக வரும் டாக்டர்களிடம், தொடாத கட்டியையும் ஒவ்வொரு முறையும் அளந்து எழுதச் சொல்கிறேன். முதல் மாதங்களில் கட்டி பெருத்தாலும் பதறி நிறுத்த வேண்டாம் என்பதை நோயாளியிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

நுரையீரல், ஈரல் போன்ற உள்ளுறுப்புக் கட்டிகளில் அந்த எண் 15-தான். உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் அவையே. டி-வெக்கை, எதிர்ப்புச் செல்களைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தோடு சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வும் எதிர்பார்த்த கூடுதல் பலனைத் தரவில்லை. எங்கள் துறை இனி உழைக்க வேண்டியது அந்த 15-ஐ உயர்த்தத்தான்.