குளத்துக்கு ஓய்வு

பெரும்பொழுது ஆறு என்று தமிழ்ப் பிள்ளைகள் மனனம் செய்கின்றனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனத் தட்டுத் தடங்கலின்றி ஒப்பிக்கும் தோட்டப்புறத்துப் பிள்ளையை நிறுத்தி, "முன்பனி எப்படி இருக்கும்?" என்று கேட்டால் அது விழிக்கும். குற்றம் பிள்ளையுடையதன்று. நெகிரி செம்பிலானில் வெயிலும் மழையுமே மாறி மாறி வருகின்றன. பனி என்பது விடியற்காலையில் பால்மரக் காட்டுப் புல் காலில் ஒட்டவைக்கும் ஈரம், அவ்வளவே.

எனினும் தோட்டத்துக்கென்று ஒரு தனிப் பருவம் உண்டு. ஆண்டிறுதி மழை ஓய்ந்து, தை மாசி மாதங்களில் வறட்சி தலைகாட்டியதும் இரப்பர் மரத்து இலைகள் பழுத்துச் சிவந்து உதிரும். நாட்டிலேயே மழை மிகக் குறைந்த வட்டாரமெனப் பெயர் பெற்ற ஜெலுபு இம்மாநிலத்தில்தான் இருக்கின்றது. ஆகவே இலையுதிர்வை இம்மக்கள் நன்கறிவர். பால் குறையும். தளிர்விடும் வேளையில் சாம்பல் நோய் தாக்கினால் புதிய இலையும் கொட்டிப்போகும். சில தோட்டங்களில் தளிர் முற்றும்வரை வெட்டை நிறுத்திவைப்பதும் உண்டு. அந்நாள்களில் மழைநீரும் குப்பையும் சேராதபடி மங்குகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வருவார்கள். இப்பருவத்துக்கு ஆங்கிலத் துரைமார் 'விண்டரிங்' என்று பெயரிட்டனர். பனியே பெய்யாத நாட்டில் பனிக்காலத்தின் பெயர் கங்காணியின் வாயிலும் புழங்கிற்று. வேடிக்கையான வழக்குத்தான்.

அச்சொல்லின் உண்மையான பொருளை ஒரு மூதாட்டி கனடாவில் கண்டார்.

லாபு வட்டாரத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்வெட்டியவர் அவர். படித்து முன்னேறிய மகன் தொரொன்தோவுக்கு வடக்கேயுள்ள மார்க்கம் நகரில் வீடு வாங்கியிருந்தான். வீட்டின் பின்புறம் நீச்சல் குளம். பதினாறடி அகலம், முப்பத்திரண்டடி நீளம், சராசரி ஐந்தடி ஆழம். தாயார் போய்ச் சேர்ந்தது அக்டோபர் மாதம். அந்நாட்டில் அம்மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை நன்றியறிதல் விடுமுறை. குளமுடையோர் பலர் அதையொட்டியே குளத்தை மூடுகின்றனர்.

மகன் நீரிறைக்கும் இயந்திரத்தைக் குளத்துக்குள் இறக்கியதும் அம்மூதாட்டி பதறிவிட்டார்.

"ஏம்பா, இவ்வளவு தண்ணியையுமா கொட்டப் போறே?"

"இல்லம்மா. ஒரு அடிதான்."

அந்த ஓரடி எவ்வளவு என்பதை எண்ணிப் பார்ப்பது தகும். குளத்தின் பரப்பு 512 சதுர அடி. ஓரடி நீரென்றால் ஏறத்தாழ 3,200 கேலன். தோட்டத்து லயத்தில் பொதுக்குழாயடியில் வரிசை பிடித்த மண்ணெண்ணெய்த் தகரம் 4 கேலன் கொள்ளும். ஆகவே ஓரடி நீர் 800 தகரம். முழுக் குளமும் 4,000 தகரம். நாளொன்றுக்குப் பத்துத் தகரம் சுமந்த பெண்ணொருத்திக்கு அது ஓராண்டுக்கும் மேற்பட்ட சுமையாகும். அவ்வம்மையார் இக்கணக்கைப் போட்டிருக்க மாட்டார். தோளுக்குத் தெரிந்திருக்கும். நீரை வீணே சாக்கடைக்கு விடாமல், குளோரின் அடங்கும்வரை சில நாள் பொறுத்து, புல்தரைக்கும் மரங்களுக்கும் பாய்ச்சுமாறு அவர் மகனிடம் சொல்லிவிட்டார். அவனும் அவ்வாறே செய்தான்.

குளத்தை அடியோடு வற்றச் செய்தல் கூடாது என்பதை அவன் விளக்கினான். வெறுமையான தொட்டியை நிலத்தடி நீர் கீழிருந்து நெட்டித் தூக்கிவிடும். உள்ளே விரித்த நெகிழித் தோலும் சுருங்கிக் கிழியும். குளத்து நீரின் எடைதான் குளத்தைக் காக்கிறது. வெறுமையாக்க வேண்டியவை குழாய்களே.

ஏன் குழாய்களை மட்டும்? வகுப்பறையில் ஒற்றை வரியாகக் கடந்துபோகும் பாடம் இவ்விடத்தில் உயிர் பெறுகின்றது. பெரும்பாலான பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும். நீரோ 4 பாகை செல்சியசு வரை சுருங்கி, அதன்பின் விரியத் தொடங்குகிறது. உறையும்போது தன் கன அளவில் ஏறக்குறைய 9 விழுக்காடு பெருக்கின்றது. அதனாலன்றோ பனிக்கட்டி மிதக்கிறது. ஏரியின் மேற்பரப்பு கல்லாய் இறுகியிருக்க, அடியில் மீன் நீந்துகிறது. திறந்த குளத்தில் விரியும் பனிக்கு மேலே இடமுண்டு. மூடிய குழாய்க்குள் அது எங்கே போகும்? குழாயைப் பிளக்கும். முந்தைய ஆண்டு அவன் இரண்டு வாரம் தாமதித்துவிட்டான். ஒரு குழாயை மறந்தும்விட்டான். மே மாதம் குளத்தைத் திறந்தபோது நீர் நாள்தோறும் இறங்கிக்கொண்டே வந்தது. கரையின் சிமெண்டுத் தளத்தை உடைத்துப் பார்த்தால், விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஒரு செம்பு நீர் செய்த வேலை அது.

ஆகவே இம்முறை மிகுந்த கவனத்தோடு செய்தான். இயந்திரம், வடிகட்டி, வெந்நீர்க்கலன் ஆகியவற்றின் அடைப்புகளைத் திறந்து நீரை வடித்தான். காற்றழுத்த இயந்திரத்தைப் பூட்டி ஒவ்வொரு குழாயாக ஊதினான். நீரும் காற்றுமாய்க் கலந்து சீறி, கடைசியில் வெறுங்காற்று வந்ததும் இரப்பர் அடைப்பானைத் திருகி இறுக்கினான். ஐயமுள்ள குழாயில் உறைவுதடுப்பு மருந்தை ஊற்றினான். இது மோட்டார் வண்டிக்கு ஊற்றும் நச்சு மருந்தன்று. இதற்கென நச்சுத்தன்மை குறைந்த வகை தனியே விற்கின்றது. பிறகு எஞ்சிய நீருக்குக் குளோரினும் பாசிதடுப்பும் இட்டான்.

அம்மூதாட்டி அடைப்பான் ஒன்றை விரலால் அழுத்திப் பார்த்தார். "இது நம்ம பாலா?" என்று கேட்டார்.

மகனுக்குத் தெரியவில்லை. செயற்கை இரப்பராகவும் இருக்கலாம் என்றான்.

"மேல துணி மூடினா கொசு வராதா?" என்பது அவருடைய அடுத்த வினா. தேங்கிய நீரைக் கண்டால் தோட்டத்தாருக்குப் பொறுக்காது. மலேரியாவுக்கு அஞ்சிச் சாக்கடைகளில் எண்ணெய் தெளித்த காலத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். மலேசியாவில் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டம் 1975இல் வந்தது. ஏடிஸ் கொசு வளர இடந்தரும் வீட்டாருக்கு அபராதம் உண்டு. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து போர்ட்டிக்சன் விடுதிகள் வெறிச்சோடிய நாள்களில், அங்கே குளம் வைத்திருந்தோர்க்கும் இக்கவலையே. வெப்ப நாட்டில் நீரை மூடிவைத்து மறந்துவிட இயலாது. ஒரு வாரம், பத்து நாளுக்குள் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். இங்கே குளத்துக்கு ஓய்வே கிடையாது. குளிர்நாட்டில்தான் ஐந்தாறு மாதம் அது உறங்குகிறது.

மகன் அதைத்தான் சொன்னான். "குளிருக்குக் கொசு நிக்காதும்மா. வசந்தத்துல பனி உருகி மூடிமேல தண்ணி நிக்கும். அப்ப எறைச்சிடணும்."

மூடி விரிப்பதற்கு முன் அவன் ஒரு வேலை செய்தான். கழற்றிய ஒவ்வொரு திருகையும் மூடியையும் சிறு பைகளில் இட்டு, எது எங்கே பூட்டுவது என்று சீட்டெழுதி ஒட்டினான். முந்தைய ஆண்டு திறக்கும்போது அரைநாள் தேடியிருக்கிறான். தாயார் அப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் அறிந்த மூடல் வேறு. 1998இல் சிப்பாங்கில் விமான நிலையம் திறக்கப்பட்டதற்கு முன்னும் பின்னுமான ஆண்டுகளில் நீலாய், சிரம்பான் பகுதித் தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாயின. அவருடைய தோட்டமும் அவ்வாறு போயிற்று. லயத்தை ஒழித்துக் கொடுக்கும்படி அறிவிப்பு வந்தது. அம்மியை அண்டை வீட்டார் எடுத்துக்கொண்டனர். கோயில் மணி வேறிடம் போயிற்று. கதவைப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் கொடுத்தபோது, எந்த வீட்டுச் சாவி என்று கிராணி கேட்கவுமில்லை, சீட்டுக் கட்டவுமில்லை. ஒரு வாளியில் போட்டார். இனித் திறக்கப் போகாத கதவுக்குச் சீட்டு எதற்கு? தோட்டத்துப் பள்ளி மட்டும் பிள்ளைகள் குறைந்து சில ஆண்டு தாக்குப்பிடித்தது.

இதையெல்லாம் அவர் மகனிடம் சொல்லவில்லை. "எப்பத் தெறப்பே?" என்று மட்டும் கேட்டார்.

"மே மாசம்."

அதற்குள் அவர் ஊர் திரும்பியிருப்பார். சீட்டு ஒட்டிய பைகளை ஒரு பழைய ஊறுகாய்ப் புட்டியில் அடுக்கி, சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். பின்பு மருமகளை அழைத்து அவ்விடத்தைக் காட்டினார். திரும்பி வந்து, குளக்கரையில் நிமிர்ந்து கிடந்த வாளியைக் கண்டு, அதைக் கவிழ்த்து வைத்தார்.