அறிவும் அழகும் அருளும்

கடல் கடந்து சென்று பொருள் ஈட்டி வந்தோரைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். கடல் கடந்து சென்று கேள்விகளை ஈட்டி வந்தோரைப் பற்றிக் கேட்டதுண்டா? சென்ற கோடை விடுமுறையில் எங்கள் பள்ளியிலிருந்து ரோமாபுரிக்குச் சென்று திரும்பிய பன்னிரண்டு மாணவியரும் அத்தகையோரே!

‘கலை, தத்துவம், சமயம்’ என்பது எங்கள் இரண்டு வாரப் படிப்பின் தலைப்பு. காலையில் கன்னியர் மடத்து விருந்தினர் இல்லத்தில் வகுப்பு. மாலையில் படித்ததை நேரில் காணல். இரவு உணவுக்குப் பின் கலந்துரையாடல். செலவில் பெரும்பகுதியை முன்னாள் மாணவியர் மனமுவந்து ஏற்றுக்கொண்டனர். எனினும் வீட்டாரின் சம்மதத்தைப் பெறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. “பத்தாம் வகுப்பு வரும் நேரத்தில் படம் பார்க்கப் போனால் மார்க் வருமா?” என்றார் ஒரு தந்தை. எங்களில் ஐவர் கத்தோலிக்கர், ஐவர் இந்துக்கள், இருவர் முஸ்லிம்கள். “அவர்கள் கோயிலில் உனக்கென்னடி வேலை?” என்றார் ஒரு தோழியின் பாட்டி. இவ்விரு கேள்விகளையும் துணிமணிகளோடு பெட்டியில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினோம்.

முதலில் பாந்தியன் ஆலயத்தைக் கண்டோம். ஹாட்ரியன் பேரரசர் காலத்தில், ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன், ரோமானியத் தெய்வங்களுக்காக எழுப்பப்பட்ட கோயில் அது. கி.பி. 609-இல் கிறிஸ்தவ ஆலயமாயிற்று. கம்பி வைத்துக் கட்டாத அதன் கவிகைமாடம் 43 மீட்டர் அகலம். உச்சியில் திறந்த வட்டம் ஒன்று. அதன் வழியே வெயிலும் வரும், மழையும் வரும். மழைநீர் வடியத் தரையில் சிறு துளைகள் இட்டிருக்கிறார்கள். ஓவியர் ரஃபேலின் கல்லறையும் அங்கேதான் உள்ளது. 37 வயதில், 1520-இல் மறைந்த அவருக்கு வணக்கம் செலுத்தினோம்.

மறுநாள் வத்திக்கானில் அந்த ரஃபேல் தீட்டிய அறைக்குச் சென்றோம். இரண்டாம் ஜூலியஸ் என்னும் திருத்தந்தையின் அறை அது. அவருடைய நூலகமாக இருந்ததென்பர். 1511-இல் சுவரோவியங்கள் நிறைவு பெற்றபோது ரஃபேலுக்கு வயது 28 தான். ஒரு சுவரில் விண்ணகமும், அதன் கீழே நற்கருணையைச் சுற்றி நின்று ஆராயும் மறைவல்லுநர்களும் இருக்கிறார்கள். அதற்கு நேரெதிர்ச் சுவரில் கிரேக்கத் தத்துவ ஞானிகள்! நடுவே பிளாட்டோ ஒரு விரலால் வானத்தைக் காட்டுகிறார். அரிஸ்டாட்டில் உள்ளங்கையை விரித்து மண்ணைச் சுட்டுகிறார். மூன்றாம் சுவரில் கவிஞர்கள். நான்காம் சுவரில் நீதியும் நற்பண்புகளும்.

“இயேசுநாதர் பிறப்பதற்கு முன்பே வாழ்ந்தவர்களுக்குத் திருத்தந்தையின் அறையில் இடம் எப்படிக் கிடைத்தது, சிஸ்டர்?” என்று கேட்டோம். எங்களுடன் வந்த அருட்சகோதரி உடனே பதில் சொல்லவில்லை. “அறையின் நடுவில் நின்று சுற்றிப் பாருங்கள்” என்றார். பார்த்தோம். எந்தச் சுவரும் மற்றதைவிடத் தாழ்வாக இல்லை. நம்பிக்கையும் ஆராய்ச்சியும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்தபடி நிற்கின்றன.

ஞானிகளின் கூட்டத்தில் தலைப்பாகை அணிந்த ஒருவர் எட்டிப் பார்க்கிறார். அவர் ஸ்பெயின் நாட்டு முஸ்லிம் அறிஞர் இப்னு ருஷ்து என்று கருதப்படுகிறது. அதைக் கேட்டதும் எங்கள் முஸ்லிம் தோழியர் இருவரும் முன்வரிசைக்கு ஓடினர்! கவிஞர் சுவரிலோ தன் பெயர் பொறித்த ஏட்டுடன் சாப்போ என்னும் கிரேக்கப் பெண்பாற் புலவர் அமர்ந்திருக்கிறார். எங்கள் ஔவையாரை நினைத்துக்கொண்டோம்.

ஆனால் அந்த ஒரு சுவரைப் போல உலகம் எப்போதும் இடம் கொடுத்துவிடவில்லை என்பதையும் ரோமாபுரியே எங்களுக்குக் கற்பித்தது. பாந்தியனுக்கு அருகில் ‘மினெர்வாவின் மேல் எழுந்த புனித மரியா’ ஆலயம் இருக்கிறது. மினெர்வா, நம் கலைமகளைப் போல் ரோமானியரின் அறிவுத் தெய்வம். ஆலய வாயிலில் பெர்னினி வடிவமைத்த கல்யானை ஒன்று எகிப்தியத் தூணைச் சுமந்து நிற்கிறது. திடமான அறிவைத் தாங்கத் திடமான மனம் வேண்டும் என்பது அதன் பீடத்திலுள்ள வாசகத்தின் கருத்து.

உள்ளே பலிபீடத்தின் அடியில் புனித சியன்னா கத்தரீனம்மாள் துயில்கிறார். துணிக்குச் சாயமேற்றுபவரின் மகள். பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். சொல்லச் சொல்லப் பிறரை எழுதவைத்தே நூற்றுக்கணக்கான கடிதங்கள் அனுப்பினார். அவிஞ்ஞோனில் தங்கியிருந்த திருத்தந்தையை ரோமாபுரிக்குத் திரும்பும்படி துணிந்து வற்புறுத்தினார். 1380-இல் 33 வயதில் இறந்த அவரை, 1970-இல் திருச்சபை தன் மறைவல்லுநர்களுள் ஒருவராக அறிவித்தது. இடையில் 590 ஆண்டுகள்!

அதே ஆலயத்தை ஒட்டிய மடத்தில்தான், 1633-இல், பூமி சுற்றுகிறது என்னும் கருத்தைக் கைவிடுவதாக முதியவர் கலிலேயோ முழந்தாளிட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. அவருக்கு இழைக்கப்பட்ட தவற்றை 1992-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

அன்றிரவு வகுப்பில் எலெனா கொர்னாரோ பிஸ்கோப்பியா என்னும் பெண்மணியைப் பற்றி அறிந்தோம். 1678-இல் பதுவா பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். முதலில் இறையியல் பட்டத்துக்கே முயன்றார். பெண் என்பதால் ஆயர் மறுத்துவிட்டார். இதைக் கேட்டதும் அறையில் சற்று நேரம் பேச்சே எழவில்லை. பிறகு எங்களில் ஒருத்தி, “இவற்றையெல்லாம் எங்களுக்கு ஏன் சொல்கிறீர்கள், சிஸ்டர்? திருச்சபைக்குக் குறை அல்லவா?” என்றாள். “உண்மையைக் கண்டு அஞ்சும் பக்தி நீடிக்காது” என்றார் அருட்சகோதரி. அந்தப் பதில் எங்கள் உள்ளங்களில் பசுமரத்தாணிபோல் பதிந்துவிட்டது.

அப்போதுதான் பாட்டியின் கேள்விக்கும் விடை கிடைத்தது. அவர் பேத்தி ஒவ்வோர் ஆலயத்திலும் எங்களோடு அமைதியாக அமர்ந்திருந்தாள். யாரும் அவளை முழந்தாளிடச் சொல்லவில்லை. அவளும் திருநீறு இடுவதை விடவில்லை. அவள் கேட்ட கேள்விகளால் எங்கள் சமயத்தை நாங்களே புதிதாகக் கற்றுக்கொண்டோம். நற்கருணை என்றால் என்னவென்று அவளுக்கு விளக்க முயன்றபோதுதான், அதைப் பற்றி எவ்வளவு சிந்திக்க வேண்டியிருக்கிறது என்று தெரிந்தது.

தந்தையின் கேள்வி மட்டும் இன்னும் நிற்கிறது. படத்தைப் பார்த்ததால் எங்கள் மார்க் கூடவில்லை, குறையவும் இல்லை. ஆனால் பதினோராம் வகுப்பில் வரலாற்றுப் பிரிவை எடுக்க வேண்டும் என்று எங்களில் இருவர் வீட்டில் சொல்லிவிட்டனர். கணிதத்தில் நல்ல மதிப்பெண் வாங்குகிற பிள்ளைகள் இப்படிச் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. சம்மதம் இன்னும் கிடைக்கவில்லை.

அன்புத் தோழியரே! மருத்துவமும் பொறியியலும் நாட்டுக்குத் தேவைதான். எது உண்மை, எது அழகு, எது நன்மை என்று கேட்பவர்களும் தேவை. அந்தக் கேள்விகளுக்கு ரோமாபுரி வரை போக வேண்டுமென்பதில்லை. நம் பள்ளி நூலகத்திலேயே தொடங்கலாம். கல்யானையைப் போல் திடமான மனத்தை இறைவன் நமக்கு அருள்வாராக!

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி