அம்மா சொன்ன காரணம்

2004 டிசம்பர் 26, ஞாயிறு. கோத்தா கோலா மூடா கடற்கரைக்குப் போகணும்னு அடம்பிடித்தேன். "இன்னிக்கு வேணாம்டா" என்றார் அம்மா. கோபத்தில் அவரோடு பேசவே இல்லை. மதியம் அங்கே சுனாமி.

சூரியக் காற்று வினாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதன் மின்னூட்டத் துகள்களைப் பூமியின் காந்தப்புலம் ஓயாமல் விலக்கிவிடுகிறது. நமக்குத் தெரிவதே இல்லை. 2015 ஜூன் 22இல் ஒரு சூரியப் புயல் அந்தப் புலத்தை அழுத்தித் தளர்த்தியது. வழக்கமாகத் தடுக்கப்படும் அண்டக் கதிர்களில் சில உள்ளே நுழைந்தன. ஊட்டியின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தில் இரண்டு மணி நேரம் மியூவான்கள் கூடிப் பதிவாகின.

இப்போது அம்மாவை கிளினிக்குக்கு நான்தான் கைபிடித்துக் கூட்டிப்போகிறேன். போன வாரம் கேட்டேன்: "அன்னிக்கு ஏம்மா வேணாம்னு சொன்னீங்க?"

"துவைக்க ஒரு மலை துணி கெடந்துச்சுடா."

பூமிக்குள் உருகிச் சுழலும் இரும்புக்கும் நம்மைத் தெரியாது.