ஹெலியின் தலை

எங்கள் ஊரில் ஹெலி என்ற சொல்லை யாரும் விளையாட்டுப் பொருளுக்குச் சொன்னதில்லை. 1996இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு ஏழு வயது. தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டாலே அம்மம்மா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எங்களைப் பதுங்குகுழிக்குள் தள்ளுவா. குண்டுபோடும் விமானம் வந்த வேகத்தில் போய்விடும். ஹெலி அப்படியல்ல, நின்று பார்க்கும். இதை வாசிக்கிற பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இப்போது சுவிஸில் ஒரு சிறிய நகரத்தில் றெஸ்ரோறன்ற் ஒன்றின் குசினியில் வேலை செய்கிறேன். கோப்பை கழுவத் தொடங்கி, பத்து வருடத்துக்குப் பிறகு சலாட் மேசை வரை வந்திருக்கிறேன். புதன்கிழமைகளில் மத்தியானம் ஒரு பெரியவர் சாப்பிட வருவார். ஒருநாள் இறைச்சி சீவும் மெசினைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தபோது கதவருகில் நின்று பார்த்தார். அடுத்த புதன் ஒரு சப்பாத்துப் பெட்டியோடு வந்தார். அவருடைய விரல்கள் நடுங்கத் தொடங்கி இரண்டு வருடமாம். சின்ன ஸ்குறூக்களைப் பிடிக்க முடியவில்லையாம்.

பெட்டிக்குள் இருந்தது ரேடியோவால் ஓட்டும் ஹெலி ஒன்றின் தலை. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவருடைய கையைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.

அறையில் ஒரு வெள்ளைத் துவாயை விரித்து அதன்மேல் கழற்றினேன். நடுவில் ஒரு கட்டை. அதன் ஊடாக ஒரு மெல்லிய உருக்கு அச்சு. அச்சின் இரண்டு பக்கமும் செட்டைகளைப் பிடிக்கும் இரண்டு பிடிகள். அச்சை முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் உருட்டினேன். தள்ளாடியது. வளைந்த அச்சை நிமிர்த்தக்கூடாது, புதிதுதான் போடவேண்டும். அச்சைச் சுற்றியிருந்த றப்பர் வளையங்களும் காய்ந்து வெடித்திருந்தன.

செட்டைகளுக்குக் குறுக்கே, நுனிகளில் துடுப்புப் போன்ற தட்டுகள் கொண்ட கம்பி ஒன்றும் இருந்தது. இப்போது வருகிற ஹெலிகளில் அது இல்லை. அந்த வேலையை இலத்திரனியல் பார்த்துக்கொள்கிறது. பழைய மொடல்களில் ஹெலி நிலைதடுமாறாமல் நிற்பது அந்தக் கம்பியால்தான். பெல், ஹில்லர் என்ற இரண்டு அமெரிக்கக் கம்பனிகள் பெரிய ஹெலிகளுக்குக் கண்டுபிடித்த முறைகளைச் சேர்த்துச் செய்தது என்று பெரியவர் சொன்னார். பெல் என்ற பெயர் எனக்குப் பழக்கம். பெல் 212 எங்கள் வானத்தில் பறந்தது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் என் பௌதிகம் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனது. ஓடர் எழுதும் துண்டின் பின்பக்கத்தில், வெகு காலத்துக்குப் பிறகு ஒரு கணக்குப் போட்டேன். செட்டை ஒன்று 35 கிராம். அதன் புவியீர்ப்பு மையம் நடுவிலிருந்து 20 சென்ரிமீற்றர். நிமிடத்துக்கு 2500 சுற்று. அதை வெளியே பறக்கவிடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டிய விசை ஏறக்குறைய 480 நியூற்றன். அதாவது ஐம்பது கிலோ அரிசி மூட்டை ஒன்று அந்தச் சின்னப் பிடியில் தொங்குவதுபோல. 2013இல் நியூயோர்க்கில் 19 வயதுப் பெடியன் ஒருவன் தன் மொடல் ஹெலியின் செட்டை பட்டே செத்தான்.

அந்த மூட்டையைத் தாங்குவது பிடிக்குள் இருக்கும் ஒரு பெயாரிங். இரண்டு வட்டத் தகடுகள், நடுவில் குண்டுமணிகள். தகடுகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்றின் துவாரம் மயிரளவு பெரிது. பெரிய துவாரம் நடுக்கட்டையின் பக்கம், சின்னது வெளிப்பக்கம். மாறிப் போட்டால் தகடு அச்சில் உரசித் தேயும், பிடி இறுகும். ஒவ்வொன்றையும் அச்சில் கோர்த்துப் பார்த்து, கிறீஸ் பூசிப் போட்டேன். ஸ்குறூவின் எண்ணெயைத் துடைத்துவிட்டு, நீலப் பசை ஒரு துளி. பசை பெயாரிங்குக்குள் போனால் எல்லாம் வீண்.

இரண்டாவது பிடியைப் பூட்டும்போது ஊரிலிருந்து அம்மாவின் அழைப்பு வந்தது. கதைத்துக்கொண்டே முடித்தேன். சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். ஞாயிறு காலை பறக்கவிடுவதாகச் சொன்னார்.

அன்றிரவு வேலை முடிந்து படுத்தபோதுதான் மூளைக்குள் ஒரு பொறி. இரண்டாவது பிடியின் தகடுகளைக் கோர்த்துப் பார்த்தேனா? எவ்வளவு யோசித்தும் அந்தக் காட்சி வரவில்லை. அம்மாவின் குரல் மட்டும்தான் வந்தது. மணி பதினொன்றரை. இந்த நாட்டில் பத்து மணிக்குப் பிறகு ஒருவர் வீட்டுக்கு அழைப்பதே மரியாதையில்லை. அதிலும் நான் பிழை விட்டேன் என்று சொல்ல அழைப்பது. அகதியாக வந்தவன் செய்த வேலை இப்படித்தான் என்று நினைத்துவிடுவாரோ என்றும் இருந்தது. பத்து நிமிடம் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு எடுத்தேன்.

'நாளைக்குப் பறக்கவிட வேண்டாம். நான் வந்து திறந்து பார்க்கவேண்டும்.'

காலையில் அவர் வீட்டு மேசையில் திறந்தோம். மாறித்தான் இருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: 'நாற்பது வருடத்தில் நானும் இரண்டு தரம் மாறிப் போட்டிருக்கிறேன். ஒருவருக்கும் சொன்னதில்லை.'

மத்தியானம் வயல்வெளிக்குப் போனோம். செட்டை நுனிகளில் சிவப்பும் நீலமுமாக நாடா ஒட்டினேன். இரண்டும் ஒரே உயரத்தில் ஓடுகின்றனவா என்று பார்க்க அதுதான் வழி. அவர் வெகுதூரம் தள்ளி நிற்கச் சொன்னார். சத்தம் எழும்பியபோது நான் நின்றது காருக்குப் பின்னால், குந்தியபடி. எப்போது அங்கே போனேன் என்று தெரியாது. அவர் கண்டிருக்க வேண்டும். உடனே இறக்கப் பார்த்தார். வேண்டாமென்று கைகாட்டிவிட்டு, எழும்பி, தலையை மட்டும் பார்த்தேன். சிவப்பு சற்று மேலே ஓடியது. இறக்கி, அந்தப் பக்கத்து இணைப்புக் கம்பியை ஒரு சுற்றுக் குறைத்தேன். இரண்டாவது முறை இரண்டு நிறமும் ஒரே கோடாகின.

அன்றிரவு அம்மாவுக்கு எடுத்தேன்.

'இண்டைக்கு லீவோ? என்ன செய்தனி?'

'ஒரு ஹெலி திருத்தினனான் அம்மா. விளையாட்டு ஹெலி.'

சிறிது நேரம் சத்தமில்லை.

'பறந்ததோ?'

'ஓமம்மா.'

'கவனம் தம்பி, கிட்டப் போகாதை' என்றா.