கடைசிப் பாளை

கடையில் வாங்கிய போத்தலில் ‘கித்துள் பாணி’ என்று எழுதியிருந்தது. எருமைத் தயிரில் ஊற்றித் தின்றபோது சீனியின் இனிப்புத்தான் நாக்கில் நின்றது. இதைச் சொன்னதும் படல்கும்புரப் பக்கம் படிப்பிக்கும் நண்பர், “விடியுமுன் வந்து சேருங்க, அசலைக் காட்டுறேன்” என்றார்.

பசறையிலிருந்து மொனராகலைக்கு இறங்கும் மலைச்சரிவில், மூன்று தலைமுறையாகக் கித்துள் மரத்தின் பாளை சீவும் சிங்களக் குடும்பம் அது. பெரியவர் அறுபதைத் தாண்டியவர். அயல் தோட்டத்து லயத்து மக்களோடு பழகிய தமிழ் அவருடையது. “பனியோட ஏறணும் தம்பி. வெயில் வந்தா தெலிஜ்ஜ புளிச்சிடும்” என்றபடி, மரத்தோடு சேர்த்துக் கட்டிய மூங்கிலில் கால் வைத்தார்.

புதுப் பாளையைக் கீறி, மிளகும் உப்பும் சுண்ணாம்பும் அரைத்த ‘பெஹெத்’ மருந்து வைத்துக் கட்டுவார்கள். சில நாள் கழித்துத்தான் தெலிஜ்ஜ என்னும் இனிப்புச் சாறு ஊறத் தொடங்கும். மருந்தின் அளவை அவர் சொல்லவில்லை. குடும்பச் சொத்தென்று நானும் கேட்கவில்லை.

கத்தியை மட்டும் கையில் தந்தார். தகப்பன் பிடித்த கத்தி. தீட்டித் தீட்டி அலகு பாதியாய்த் தேய்ந்திருந்தது. காலையும் மாலையும் பாளை முனையில் வெங்காயச் சருகளவு சீவ வேண்டும். ஆழமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். மேலோட்டமாகச் சீவினால் சாறு அடைத்துக்கொள்ளும். “கண்ணால இல்ல, சத்தத்தால சீவணும்” என்றார். நான் கீழே நின்று காது கொடுத்தேன். மெல்லிய ‘சர்ர்’ ஒன்று. அவ்வளவுதான்.

புளிக்காமலிருக்க முட்டியில் ஹல் மரப்பட்டை போடுகிறார்கள். வீட்டில் மனைவி விறகடுப்பில் காய்ச்சுகிறார். ஏழெட்டுப் போத்தல் தெலிஜ்ஜ வற்றி ஒரு போத்தல் பாணி ஆகிறது. இன்னும் வற்றவிட்டுச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. அந்த அம்மாவின் கண்கள் புகையில் சிவந்திருந்தன.

அந்த ஒரு போத்தலில் சீனிப்பாகைக் கலந்து மூன்றாக்குகிறவன் மரமேறுவதில்லை, புகை குடிப்பதில்லை. பெலவத்தையிலும் செவனகலையிலும் கரும்பாலைகள் உள்ள இதே மொனராகலை மாவட்டத்தில் சீனிக்கா பஞ்சம்? கலப்படமும் அசலும் ஒரே பெயரோடு ஒரே தட்டில் நிற்கின்றன. மலிவானது விற்கிறது. மரத்தில் உயிரைப் பணயம் வைத்தவரிடம் “விலை இறங்கிப்போச்சு” என்கிறார்கள். விலையை இறக்கியவர்களே அதைச் சொல்கிறார்கள்! தெலிஜ்ஜ புளித்துக் கள்ளாகிவிட்டாலோ மதுவரிப் பயம். 1912இல் வெள்ளையர் ஆட்சி கொண்டுவந்த மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் நிழல் இன்னும் அந்த முட்டிமேல் விழுகிறது. அதே பெலவத்தையில் கரும்புக் கழிவுப்பாகிலிருந்து மதுசாரம் வடிப்பது மட்டும் தொழிற்சாலைப் பெருமை.

பெயரைக் காக்கும் நாடும் உண்டு. சிலி நாட்டின் எல்கி பள்ளத்தாக்கு வறண்ட பூமி. அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் திராட்சையிலிருந்து ‘பிஸ்கோ’ என்னும் மதுவை வடிக்கின்றன. எந்த மண்ணில் விளைந்ததற்கு அந்தப் பெயர் உரியது என்று சிலி அரசு 1931இலேயே சட்டம் போட்டது. 1936இல் ஓர் ஊருக்கே பிஸ்கோ எல்கி என்று பெயர் சூட்டினார்கள். கித்துள் என்ற பெயரைச் சீவுகிறவரின் உடைமையாகக் காக்க நமக்கு மனமில்லையா? போத்தலில் என்ன இருக்கிறதென்று சோதித்து, கலப்படக்காரனைத் தண்டித்தாலே பாதி நியாயம் கிடைத்துவிடும்.

கிளம்பும்போது பெரியவர் ஒரு மரத்தைக் காட்டினார். கித்துள் மேலிருந்து கீழாகப் பாளை விடும்; கடைசிப் பாளையோடு மரமும் பட்டுப்போகும். இந்த மரத்தின் அடிப்பாளையில் கத்தி படவில்லை. காய்கள் சடையாய்த் தொங்கின.

“இத ஏன் சீவல?”

“அது உகுடுவாவுக்கு. மரநாய் பழந்தின்னு கொட்டை போட்டாத்தானே அடுத்த மரம்? இந்தக் காட்டுல நாங்க ஒண்ணும் நடல்ல தம்பி.”

சிரட்டைக் கருப்பட்டி ஒன்றை வாழைச்சருகில் சுற்றித் தந்தார். அவர் சொன்ன விலையைக் கேட்டு எனக்கு வெட்கமாயிருந்தது.