ஆண்டுப் பெயரும் படகின் வயதும்

பொருளுக்கு ஆண்டின் பெயரைச் சூட்டி அழைப்பது இன்றைய வாணிப உலகின் வழக்கம். தமிழிலக்கணம் பயின்றோர் இதனைக் காலவாகுபெயர் என உடனே இனங்காண்பர். கார் என்னும் பருவத்தின் பெயர் அப்பருவத்துப் பயிருக்கு ஆகி வருகிறது. டிசம்பர் என்னும் திங்களின் பெயர் அத்திங்களில் மலரும் பூவுக்கு ஆகி வருகிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. டிசம்பர்ப் பூ டிசம்பரை ஒட்டியே பூக்கிறது. 'இது 2010ஆம் ஆண்டுப் படகு' என்று வணிகர் உரைக்கும்போதோ, அப்படகு 2010இல் பிறந்திருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. இவ்வுண்மையைக் கண்ணாரக் காணும் வாய்ப்பு 2023ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் நமக்குக் கிட்டியது.

நம் மகளும் மருமகனும் அங்கே செயின்ட் கிளேர் ஏரிக்கு அண்மையில் வாழ்கின்றனர். ஹியூரான் ஏரிக்கும் ஈரி ஏரிக்கும் இடையே, அமெரிக்காவும் கனடாவும் பங்கிட்டுக்கொண்டுள்ள நன்னீர்ப் பரப்பு அது. பரப்பில் பெரிதாயினும் அதன் சராசரி ஆழம் ஏறத்தாழ 11 அடியே. அவ்வேரியில் உலவி, இரவில் குடும்பத்தோடு உள்ளேயே உறங்குதற்குரிய அறைப்படகு ஒன்றை வாங்க மருமகன் பல்லாண்டுகளாகப் பணம் சேர்த்து வந்தார். 'கேபின் குரூஸர்' என அங்கே அதனை வழங்குவர். சிறு அடுப்பும், படுக்கையும், கழிப்பிடமும் உள்ள மிதக்கும் சிற்றில்லம் என்றே சொல்லலாம்.

அவர் முன் இரண்டு பழைய படகுகள் நின்றன. ஒரே நிறுவனம், ஒரே அமைப்பு, ஒரே 28 அடி நீளம். ஒன்று 2009ஆம் ஆண்டு மாடல். மற்றது 2010ஆம் ஆண்டு மாடல். பின்னதன் விலை 6,000 டாலர் மிகுதி. "மாமா, ஓராண்டு புதியது என்றால் அவ்வளவும் ஆதாயந்தானே?" என்று அவர் வினவினார். "ஆதாயம் எங்கே இருக்கிறதென்று காட்டினால் ஒப்புக்கொள்வோம்" என்றோம் நாம். அரபு நூலொன்றின் இரு பிரதிகளை அருகருகே வைத்து ஒப்பு நோக்கிப் பழகிய நமக்கு, இரு படகுகளை ஒப்பு நோக்குவதும் அத்தொழிலின் மற்றொரு வகையாகவே தோன்றிற்று.

முதலிற் காணவேண்டியது படகின் உடலிற் பொறித்த அடையாள எண். அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளிலிருந்து இவ்வெண் கட்டாயமாயிற்று. படகின் பின்பலகையில், வலப்புறத்தே, பன்னிரண்டு எழுத்துகளும் இலக்கங்களுமாக இது காணப்படும். முதல் மூன்று, செய்தவரைக் குறிப்பன. அடுத்த ஐந்து, வரிசை எண். ஒன்பதாவது எழுத்து மாதத்தையும், பத்தாவது இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும் காட்டும். இறுதி இரண்டும் மாடல் ஆண்டு. 1984ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் இவ்வொரே அமைப்பு நிலைபெற்றது. படகின் மறைவான ஓரிடத்தில் இரண்டாம் முறையும் இதே எண்ணைப் பொறித்தல் வேண்டும் என்னும் விதியும் அப்போதே வந்தது. இரண்டும் ஒத்திராவிடின் அப்படகை விட்டு விலகுவதே அறிவுடைமை.

2009 மாடல் படகின் இறுதி நான்கு குறிகள் 'பி909' என்றிருந்தன. 'பி' என்பது பிப்ரவரி. ஆகவே 2009 பிப்ரவரியிற் செய்த 2009 மாடல். மற்றதன் இறுதிக் குறிகள் 'ஜி910'. 'ஜி' என்பது ஜூலை. ஆகவே 2009 ஜூலையிற் செய்த 2010 மாடல்! ஓராண்டு இடைவெளி என்று கருதி 6,000 டாலர் கேட்கப்பட்ட அவ்விரண்டும் ஒரே ஆண்டில், ஐந்து மாத இடைவெளியிற் பிறந்தவை.

இதிற் பொய் ஏதுமில்லை. படகுத் தொழிலின் ஆண்டு கோடையிலேயே புரண்டுவிடுகிறது. 1984க்கு முன் வழங்கிய எண் அமைப்புகளுள் ஒன்றில் மாத எழுத்துகளே ஆகஸ்டைத் தலையாகக் கொண்டு எண்ணப்பட்டன. நாம் ஓதிய மதரஸாவில் ஆண்டு ஷவ்வாலில் தொடங்கிற்று. நாம் கற்பித்த பள்ளிக்கூடத்தில் ஜூனில் தொடங்கிற்று. பஞ்சாங்கத்தில் சித்திரையில் தொடங்குகிறது. ஒவ்வொரு கூட்டத்தாரும் தத்தம் தேவைக்கேற்ப ஆண்டின் தலைவாயிலை அமைத்துக்கொள்கின்றனர். அவ்வாயில் எங்கே உள்ளதென அறியாமல் உள்ளே புகுவோரே தடுமாறுவர்.

2009 என்பது அமெரிக்கப் படகுத் தொழிலுக்கு நலிவின் ஆண்டு. பொருளாதாரச் சரிவினால் விற்பனை வீழ்ந்து, ஜென்மார் என்னும் பெருநிறுவனம் அவ்வாண்டு ஜூனில் திவாலா நீதிமன்றத்தை நாடிற்று. விற்பனையாகாத படகுகள் வணிகர் கொட்டில்களிற் காத்துக் கிடந்தன. எனவே செய்த நாள் ஒன்று, மாடல் ஆண்டு ஒன்று, முதன்முதல் நீரில் இறங்கிய நாள் ஒன்று என ஒரு படகுக்கு மூன்று பிறப்புகள் இருத்தல் கூடும். தேய்மானம் மூன்றாவதிலிருந்தே பெரும்பாலும் கணக்காகிறது.

எனினும் 2009க்கும் 2010க்கும் இடையே மெய்யான எல்லைக்கோடு ஒன்று உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2008இல் வெளியிட்ட விதியின்படி, 2010 மாடல் ஆண்டு முதல் இத்தகைய படகுகளின் உட்புறப் பெட்ரோல் எஞ்சின்கள் கடுமையான புகை வரம்புக்குட்பட்டன. ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சேர்ந்து ஒரு கிலோவாட் மணிக்கு 5 கிராம். கார்பன் மோனாக்சைடு 75 கிராம். இவ்வரம்பை எட்டுதற்கு எஞ்சின் செய்வோர் கார்களில் உள்ளது போன்ற வினையூக்கிக் கருவியைப் புகைக்குழாயிற் பொருத்தினர். மருமகனுக்கு இச்செய்தி தெரிந்திருந்தது. "6,000 டாலர் இதற்காகத்தான், மாமா" என்றார்.

அவர் கூற்றில் வலு இருந்தது. கார்பன் மோனாக்சைடு நிறமற்றது, மணமற்றது. குருதியின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் பற்றுவது. படகு மெல்ல நகரும்போது, நம் கரையோர மக்கள் அமரம் என்று வழங்கும் பின்பகுதியிற் காற்றழுத்தம் குறைந்து, வெளியேறிய புகை திரும்பவும் அறைக்குள் இழுக்கப்படும். 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில், அந்நாட்டின் பவல் ஏரியில், ஒரு வீட்டுப்படகின் பின்புறத்தே நீராடிய சிறுவர் இருவர் இவ்வாயுவுக்கு இரையாயினர். நம் பேரப்பிள்ளைகள் உறங்கவிருக்கும் படகு இது. இங்கே ஆண்டின் பெயர் வெறும் பெயரன்று, உயிரோடு தொடர்புடையது.

ஆனால் விதியை முழுமையாகப் படித்தல் வேண்டும். அவ்வாண்டு எஞ்சினின் மாடல் ஆண்டே அன்றிப் படகின் ஆண்டு அன்று. மேலும், முன்னரே கையிருப்பில் இருந்த பழைய எஞ்சின்களை வழக்கமான அளவில் பயன்படுத்தித் தீர்க்கப் படகு செய்வோர்க்கு இசைவும் இருந்தது. ஆகவே எஞ்சினின் மேல் ஒட்டிய புகைச் சான்றுச் சீட்டைப் பார்க்க வேண்டினோம். மருமகன் எஞ்சின் அறைக்குட் குனிந்து, கைவிளக்கின் ஒளியில் அச்சீட்டை வாசித்தார். 2010 மாடல் படகினுள் இருந்தது 2009 மாடல் எஞ்சின். வினையூக்கி இல்லை. மேலே எழுதிய ஆண்டு ஒன்று. உள்ளே துடிக்கும் நெஞ்சத்தின் ஆண்டு வேறொன்று. அவர் நெடுநேரம் வாய் திறக்கவில்லை.

பின்னர் இரண்டையும் ஒரு சர்வேயரிடம் ஒப்படைத்தோம். அவர் சிறு சுத்தியலால் உடலெங்கும் தட்டி ஒலி கேட்டார். தட்டும்போது கணீரென்ற ஒலி மந்தமானால் உள்ளே பிளவோ நனைவோ இருக்கும் என்றார். ஈரமானியை வைத்து நகர்த்தினார். 2010 படகின் பின்பலகையில், நீச்சல் மேடையைப் பிணைத்த ஆணிகளைச் சுற்றி ஈரம் ஏறியிருந்தது. கண்ணாடியிழைத் தோலுக்குள் இருக்கும் மரப்பலகை நனையத் தொடங்கிய அடையாளம் அது. எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் கருவியிலும் அப்படகே மூத்தது. 2009 படகு குறைவாக ஓடி, பனிக்காலந்தோறும் எஞ்சினில் நீர் உறைந்து வெடிக்காதவாறு முறையாகப் பேணப்பட்டதற்கு ரசீதுகள் இருந்தன.

இரண்டுக்கும் பொதுவான குறைகளும் வெளிப்பட்டன. ஒருமுறை பயன்படுத்தும் தீயணைப்பான், செய்து 12 ஆண்டுகள் கடந்தால் படகிற் செல்லாது என்னும் விதி 2022 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது; இரு படகுகளிலும் இருந்தவை தொடக்க நாளிலேயே ஏறியவை. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியின் ஆயுள் நாளோ அதன் முதுகிலேயே அச்சிடப்பட்டிருந்தது. அந்நாளும் எப்போதோ கழிந்திருந்தது. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

மருமகன் 2009 படகையே வாங்கினார். மிஞ்சிய தொகையில் முதற்செலவு புதிய எச்சரிக்கைக் கருவிகளுக்கும் தீயணைப்பான்களுக்கும். எஞ்சின் ஓடும்போது பின்மேடையில் எவரும் அமரலாகாது, மின்னாக்கி ஓடும்போது எவரும் அறைக்குள் உறங்கலாகாது என நம் மகள் விதித்தாள். வினையூக்கி இருந்திருப்பினும் அவ்விதிகள் வேண்டியவையே. அக்கருவி நஞ்சைக் குறைக்குமேயன்றி அறவே ஒழிக்காது.

அடுத்தடுத்த இரு மாடல்களை ஒப்பிடுவோர்க்கு நாம் கூறக்கூடியது இதுவே. அவ்விரு ஆண்டுகளுக்கிடையே விதி மாறியதா, எஞ்சின் மாறியதா, செய்யும் முறை மாறியதா எனக் கேளுங்கள். மாறியிருப்பின், அம்மாற்றம் உங்கள் கைக்கு வரும் அந்த ஒரு படகினுள் உள்ளதா எனத் தொட்டுப் பாருங்கள். ஆகுபெயருக்குப் பொருள் கொள்ளும் மாணவன் சொல்லோடு நின்றுவிடுவதில்லை. அது எப்பொருளுக்கு ஆகி வந்ததென ஆராய்கிறான். விலை கொடுத்து வாங்குவோன் அம்மாணவனினும் ஒரு படி கூர்மையாக ஆராய்தல் தகும். மாணவன் இழப்பது மதிப்பெண். இவன் பணயம் வைப்பது தன் பொருளையும், அப்படகினுள் உறங்குவோரின் மூச்சையும்.