வைன் ஊற்றாத சோஸ்

சென்ற வருடம் நோன்புக்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு பின்னேரம், என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலுக்கு நான் படிப்பித்த பையன். இப்போது டிக்கோயாவுக்கு அப்பால், உல்லாசப் பயணிகள் தங்கும் ஒரு பழைய துரை பங்களாவின் குசினியில் உதவியாளன். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள துரைமார் பங்களாக்களில் சில 2005 முதல் இப்படி விடுதிகளாகிவிட்டன. நம் பிள்ளைகள் சிலருக்கு அதனால் வேலை கிடைத்திருப்பதை மறுக்க முடியாது.

பிளேன்டீயைக் குடித்து முடிக்கும்வரை பேசாமலிருந்தான். பிறகு, "சேர், தக்காளி சோஸுக்கு சிவப்பு வைன் ஊத்தச் சொல்றாங்க. ஊத்துறதே மனசுக்குச் சரியில்ல, அதுக்கு மேல ருசி பாத்து உப்புப் போடணும். கொதிச்சா எல்லாம் ஆவியாப் போயிரும்னு பெரிய குக் சொல்றாரு. உண்மையா?" என்றான்.

மார்க்கக் கேள்வியென்றால் மௌலவியிடம் அனுப்பியிருப்பேன். அவன் கேட்டது விஞ்ஞானக் கேள்வி. ஆசிரியர் கலாசாலையில் படித்தவன் என்ற மிதப்பில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மதுசாரம் 78 பாகையில் கொதிக்கும் என்பது சரி. ஆனால் தண்ணீரோடு கலந்த பிறகு அது மட்டும் தனியே எழுந்து போய்விடாது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணைப்படி, கலந்து 15 நிமிடம் கொதித்தால் நூற்றுக்கு 40 பங்கு மிஞ்சும். அரை மணிக்கு 35. இரண்டரை மணி நேரம் கொதித்தாலும் 5 பங்கு கிடக்கும். அவனுடைய சோஸ் அடுப்பில் இருப்பதே அரை மணித்தியாலம்தான்.

"அப்ப அதுக்குப் பதிலா எத ஊத்தலாம் சேர்?"

அந்தச் சட்டிக்குள் வைன் என்னதான் செய்கிறது என்று யோசித்தோம். புளிப்பு தக்காளியிலேயே இருக்கிறது. வினாகிரியை மட்டும் ஊற்றினால் அச்சாறு மாதிரி ஆகிவிடும். முதல் தடவை என் மனைவி செய்து பார்த்தபோது அப்படித்தான் ஆனது. (தென்னங்கள்ளிலிருந்து வரும் வினாகிரி ஆகுமா என்றும் கேட்டான். தானாகப் புளித்து மாறியதென்றால் ஆகும், எதையாவது போட்டு மாற்றியதென்றால் ஆகாது என்பது நம் ஷாபி மத்ஹபின் சட்டம். ஹனபியில் இரண்டும் ஆகும். இதை மௌலவியிடம் கேட்டுத்தான் சொன்னேன்.) இனிப்புக்கு உலர்ந்த திராட்சை, கடையில் பிளம்ஸ் என்போமே, அதைச் சுடுநீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்தோம். அப்படியும் ஏதோ குறைந்தது. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பானம் மாதிரி நாக்கில் நிற்காமல் வழுகிப் போனது.

குறைந்தது துவர்ப்பு. சிவப்பு வைனுக்குத் திராட்சைத் தோலும் விதையும் கொடுக்கும் துவர்ப்பு அது. நூற்றைம்பது வருடமாகத் துவர்ப்பைப் பறித்துக் கப்பலேற்றும் மலையில் இருந்துகொண்டு அதை எங்கேயோ தேடிக்கொண்டிருந்தோம்! தூள் தேயிலையைக் கடுஞ்சாயமாக மூன்று நிமிடம் மட்டும் ஊறவிட்டு வடித்தோம். அதற்கு மேல் விட்டால் கசக்கும். வதக்கிய வெங்காயம், உள்ளி, தக்காளியோடு அரைக் கோப்பைச் சாயம், அதே அளவு திராட்சை நீர், கடைசியில் ஒரு தேக்கரண்டி வினாகிரி. வைன் ஊற்றிய சோஸ் எப்படியிருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. ஆனாலும் இது நல்ல சோஸ்.

ஒரு மாதம் கழித்துச் சிரித்துக்கொண்டு வந்தான். விருந்தாளி ஒருவர் இது எந்த நாட்டு வைன் என்று விசாரித்தாராம். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். உள்ளேயிருந்து என் மனைவி கேட்டாள்: "அப்ப அந்தப் போத்தல் எங்க மகன்?"

அவன் முகம் மாறியது. சமையலுக்கென்று கொடுத்த வைனை ஒவ்வொரு நாளும் தொட்டியில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறான். முதலாளியின் பொருள். உணவுப் பட்டியலில் வைன் சோஸ் என்று போட்டு, அதற்குக் காசும் வாங்கியிருக்கிறார்கள். ஒரு பாவத்திலிருந்து தப்ப வழி தேடியவன் பொய்யிலும் அமானித மோசடியிலும் போய் நின்றான். பதிலாக எதை ஊற்றலாம் என்று சொல்லிக்கொடுத்த எனக்கு, அதைச் சொல்லிவிட்டு ஊற்று என்று சொல்லத் தோன்றவில்லை. அவன் வேலைக்குப் பயந்தான். நானோ என் கெட்டித்தனத்தில் மயங்கியிருந்தேன்.

மறுநாளே பெரிய குக்கிடம் சொல்லிவிட்டான். வேலை போகவில்லை. சோஸ் அடுப்பிலிருந்து எடுத்துக் காலைச் சாப்பாட்டுப் பக்கம் போட்டார்கள். அப்பமும் இடியப்பமும் அவன் பொறுப்பு. மது வேண்டாமென்று சொல்லும் விருந்தாளிகள் வந்தால் மட்டும் தேயிலைச் சோஸ் செய்ய அவனைக் கூப்பிடுகிறார்களாம். கொட்டிய வைனின் விலையை இரண்டு மாதச் சம்பளத்தில் கழித்தார்கள். சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினான். கழித்த தொகைக்கு நேரே 'உடைந்த பொருட்கள்' என்று போட்டிருந்தது.

பாதியை நான் தருகிறேன் என்றேன். வாங்க மறுத்துவிட்டான்.